குழாய் ஃபேப்ரிகேஷனும் வெல்டிங் முறைகளும்: மேட்டூரை முன்வைத்து ஓர் ஆய்வு

குழாய் ஃபேப்ரிகேஷன் என்பது, ஆலையிலிருந்து நேராக வரும் உருக்குக் குழாயை அளந்து வெட்டி, முனை சீவி, எல்போ, டீ, ரெட்யூசர், ஃபிளான்ஜ் போன்றவற்றோடு வெல்டிங் செய்து, வரைபடம் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை. அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு துண்டையும் பட்டறையில் ஸ்பூல் என்பார்கள். ஸ்பூல்களை லாரியில் ஏற்றிச் சென்று, வேலையிடத்தில் தூக்கி நிறுத்தி, மீதி இணைப்புகளை அங்கே போடுவது எரெக்‌ஷன். எந்த இணைப்பை எங்கே போடுவது, எந்த முறையில் போடுவது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. அதற்கு ஒரே விடை கிடையாது. குழாய் எந்த உலோகம், சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே போவது என்ன, வேலை நடப்பது கூரைக்கு அடியிலா சாரத்தின் மேலா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இத்தனை வகையையும் ஒரே இடத்தில் பார்க்க மேட்டூர் வசதியான ஊர். கர்நாடக எல்லையில், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் பாலாறு என்ற இடத்தில், அதே பெயருள்ள சிற்றாறு காவிரியோடு சேர்கிறது. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு, இது வேறு. இந்தச் சங்கமத்துக்குக் கீழே விரிந்து கிடப்பது 1934இல் கட்டி முடிந்த ஸ்டான்லி நீர்த்தேக்கம். அணையை நம்பி மின் நிலையங்கள் வந்தன, ரசாயன ஆலைகள் வந்தன, அலுமினிய ஆலை வந்தது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 1987 தொடங்கி 1990க்குள் 210 மெகாவாட் அலகுகள் நான்கும், 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் ஓடத் தொடங்கின.

அனல் மின் நிலையத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புகைபோக்கியும் குளிர்விப்புக் கோபுரமும்தான் கண்ணில் படும். உள்ளே வேலை செய்பவருக்கு அது முழுக்க முழுக்கக் குழாய். குளிர்விக்கும் தண்ணீர் போகும் குழாய், ஆள் நுழைந்து நடக்கும் அளவுக்குப் பெரிது. தகட்டை வளைத்துச் செய்த சாதாரண உருக்கு. அழுத்தம் சில கிலோதான். கொதிகலனுக்கு நீர் ஏற்றும் குழாய் தடித்த கார்பன் உருக்கு. கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் போகும் பிரதான நீராவிக் குழாயில் வெப்பம் சுமார் 540 பாகை செல்சியஸ். 210 மெகாவாட் வகை அலகில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 130 முதல் 150 கிலோ. அங்கே குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த கலப்பு உருக்குதான் நிற்கும். சாம்பல் குழம்பு போகும் குழாயில் அழுத்தமும் வெப்பமும் பெரிதில்லை, ஆனால் சாம்பல் மணலைப் போல அடிப்பக்கத்தை அரித்துவிடும். அதனால் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சற்றே உருட்டி, தேயாத பக்கத்தைக் கீழே கொண்டுவருவார்கள்; பசால்ட் கல் உள்ளுறை போடுவதும் உண்டு. பக்கத்து ரசாயன ஆலைகளில் ரப்பர் அல்லது டெஃப்லான் உறை போட்ட குழாய்கள். அவற்றில் வெல்டிங் எல்லாம் உறை போடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பிறகு ஒரு பொறி பட்டாலும் உறை போய்விடும்.

ரிவெட்டிலிருந்து ஆர்கான் வரை

சிவசமுத்திரத்தில் 1902இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்க வயலுக்கு அனுப்பிய காலத்தில், பெரிய உருக்குக் குழாய் என்றால் தகட்டை வளைத்து ரிவெட் அடித்ததுதான். சிறிய குழாய்களுக்கு மரை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸி-அசிட்டிலின் சுடர் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சுவீடனின் ஆஸ்கர் செல்பெரி கம்பியின்மேல் பூச்சுப் போட்ட வெல்டிங் ராடைக் கண்டுபிடித்தார். பூச்சு எரிந்து வரும் வாயுவும் அதன் கசடும் உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காத்தன. வெல்டிங்கை நம்பி அழுத்தக் குழாய் செய்யலாம் என்ற நிலை அதன் பிறகே வந்தது. 1930களில் பொடிக்கு அடியில் எரியும் சப்மெர்ஜ்டு ஆர்க் முறையும், 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிலில் டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் சேர்ந்த டிக் முறையும் பிறந்தன. மெக்னீசியத்தை ஒட்டுவதற்காக வந்த டிக், சில பத்தாண்டுகளில் நீராவிக் குழாயின் முதல் அடுக்குக்கு உரியதாகிவிட்டது. நம் பட்டறைகளில் அதற்கு 'ஆர்கான் வெல்டிங்' என்றே பெயர்.

தமிழ்நாட்டில் இந்த வேலை வேர் பிடித்தது திருச்சியில். 1960களில் செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு திருவெறும்பூரில் எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இன்றைய பெல் நிறுவனத்தின் திருச்சிப் பிரிவு. 1975இல் அதனோடு சேர்ந்தே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பெல் கொடுக்கும் வேலையை நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. 2013 ஆகஸ்டில், மின் நிலையக் குழாய்களுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் தனி ஆலை திறக்கப்பட்டது. புதிய அனல் நிலையங்களுக்கான ஆர்டர் நாடெங்கும் சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. பெல்லை மட்டும் நம்பியிருந்த பட்டறைகள் அந்தப் பத்தாண்டில் கடுமையாக அடிபட்டன.

வெட்டும் முன் கணக்கு

ஸ்பூல் வேலை ஐசோமெட்ரிக் வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. குழாய் போகும் பாதையை முப்பரிமாணக் கோணத்தில் காட்டும் தாள் அது. அதன் அளவுகள் எல்லாம் மையத்திலிருந்து மையத்துக்கு. குழாயின் உண்மையான வெட்டு நீளத்தை ஃபிட்டர்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 6 அங்குலக் குழாயில் இரண்டு 90 பாகை எல்போக்களுக்கு நடுவே மையத் தூரம் 1500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீள் ஆர எல்போவின் மையத்திலிருந்து முனை வரை உள்ள தூரம் குழாய் அளவைப்போல் ஒன்றரை மடங்கு. 6 அங்குலத்துக்கு 9 அங்குலம், அதாவது 229 மில்லிமீட்டர். இரு பக்கமும் 458 போகிறது. இரண்டு இணைப்பிலும் தலா 3 மில்லிமீட்டர் இடைவெளி, அது 6. வெட்ட வேண்டிய நீளம் 1036. இந்த 6ஐ மறந்தால் ஒரு ஸ்பூலில் ஒன்றும் தெரியாது. இருபது இணைப்புள்ள ஒரு வரிசையில் 60 மில்லிமீட்டர் தள்ளிப்போய், கடைசி ஃபிளான்ஜ் பம்பின் வாயில் உட்காராது.

45 பாகையில் விலகிப் போகும் குழாய்க்கு விலகலை 1.414ஆல் பெருக்குவது ஃபிட்டருக்கு மனப்பாடம். கிளைக் குழாய் வெட்டுவதுதான் கைத்திறன் கேட்பது. ஒரு குழாய் இன்னொன்றின் வயிற்றில் உட்காரும் வளைவை வரைய, கிளையின் சுற்றளவை 8 அல்லது 16 சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் உயரத்தைக் குறித்து, புள்ளிகளை இணைத்துத் தாளில் வெட்டி, அதைக் குழாயைச் சுற்றிப் போர்த்திச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். இப்போது கணினி ஓட்டும் பிளாஸ்மா இயந்திரம் இதே வளைவைச் சில நிமிடத்தில் வெட்டித் தருகிறது. சிறு பட்டறைகளில் தாள் இன்னும் இருக்கிறது. ஃபிளான்ஜ் வைக்கும்போது போல்ட் துளைகள் மையக் கோட்டின் மேல் விழாமல் அதன் இரு பக்கமும் சமமாக விழ வேண்டும் என்பது உலகெங்கும் ஒரே விதி. இதைத் தவறவிட்டால் வால்வின் கைச்சக்கரம் சாய்ந்து நிற்கும்.

வெட்டிய முனையைச் சீவுவது பெவல். 22 மில்லிமீட்டர் தடிமன் வரை, சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு 37.5 பாகைச் சரிவு. அதற்கு மேல் அதே சரிவில் போனால் நிரப்ப வேண்டிய உலோகம் பெருகிவிடும். ஆகவே அடியில் அகலச் சரிவும் மேலே செங்குத்தை ஒட்டிய சரிவும் சேர்ந்த கூட்டுப் பெவல். கேஸ் கட்டிங்கில் வெட்டிய முனையில் கருகிய படலம் ஒட்டியிருக்கும். அதைக் கிரைண்டரால் பளபளப்பாகும் வரை எடுக்காமல் விட்டால் வெல்டில் காற்றுக் குமிழி நிச்சயம். கலப்பு உருக்கில் கேஸ் கட்டிங்கையே தவிர்த்து இயந்திரத்தில் கடைவது நல்லது.

ஃபிட்-அப் என்பது இரண்டு முனைகளை எதிரெதிரே நிறுத்துவது. சொல்லும்போது எளிது. இரண்டின் உள்விட்டமும் ஒன்றோடொன்று 1.5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. ஆனால் ஆலையிலிருந்து வரும் குழாய் முழு வட்டமாக இருப்பதில்லை. சுவர்த் தடிமனும் மாறும். இடைவெளியைப் பிடிக்க, பூச்சு தட்டி எடுத்த ஒரு வெல்டிங் ராடை வளைத்து நடுவே செருகி, அது தொளதொளப்பில்லாமல் சுற்றிலும் நகர்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மூன்று நான்கு இடத்தில் டாக், அதாவது பிடித்து நிறுத்தும் சிறு வெல்ட். முதல் டாக் போட்டதும் அந்தப் பக்கம் சுருங்கி, எதிர்ப்பக்கம் வாய் பிளக்கும். அனுபவமுள்ள ஃபிட்டர் அதற்கென்றே முதலில் சற்றுக் கூட்டிவைப்பார். 50 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள குழாய்களில் சாக்கெட் இணைப்பு வரும். அதில் குழாயை அடிவரை தள்ளிவிட்டு, 1.6 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே இழுத்துத்தான் டாக் போட வேண்டும். இடம் விடாமல் போட்டால் சூட்டில் குழாய் நீளப் போக்கிடமின்றி வெல்டின் வேரில் கீறல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் இழுத்ததும் இழுக்காததும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எரெக்‌ஷனில் நடக்கும் இன்னொரு தவறு இதைவிடப் பெரிது. அளவு பொருந்தாத ஸ்பூலைச் செயின் பிளாக் போட்டு இழுத்துச் சேர்த்து டாக் போட்டுவிடுவது. 540 பாகையில் ஓடும் உருக்குக் குழாய் மீட்டருக்கு 7 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். 100 மீட்டர்க் குழாய் அரை மீட்டருக்கும் மேலே. அந்த நீட்சியை வாங்கிக்கொள்ளத்தான் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோய் ஸ்பிரிங் தாங்கியில் தொங்கவிடுகிறார்கள். வடிவமைப்பாளர் கணக்கில் எடுத்துக்கொண்ட விறைப்பின் மேல், செயின் பிளாக் சேர்த்த விறைப்பும் குடியேறினால், பிறகு வரும் விரிசலுக்கு வெல்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முறைகள்

அழுத்தக் குழாயின் இணைப்பை ஒரு பக்கத்திலிருந்துதான், வெளியிலிருந்துதான் போட முடியும். குழாய் வெல்டிங்கின் தனித்தன்மை முழுவதும் இதிலிருந்தே வருகிறது. தகட்டில் அடியில் குறை வந்தால் புரட்டிப் போட்டு எடுத்துவிடலாம். குழாயில் முதல் அடுக்கு, அதாவது ரூட், உள்ளே எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கும். ஆகவே ரூட்டுக்கு ஒரு முறை, நிரப்புவதற்கு வேறு முறை என்று பிரிப்பது வழக்கம்.

மின் நிலையக் குழாய்களில் ரூட் பெரும்பாலும் டிக்தான். டங்ஸ்டன் முனையை ஊசியாகச் சாணை பிடித்து, எதிர்மின் இணைப்பில், நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவில் ஆர்கான் ஓடவிட்டு, 2.4 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் ஊட்டுவார்கள். நிலையாக நிற்கும் கிடைக் குழாயில் கடிகாரத்தின் 6 மணியில் தொடங்கி, ஒரு பாதி 12 வரை ஏறி, மறுபாதி அதேபோல. ஆர்க்கின் முன்னால் சாவித் துளை போன்ற ஒரு சிறு ஓட்டை திறந்தபடி நகர வேண்டும். அது மூடினால் ஊடுருவல் போய்விட்டது, பெருத்தால் உலோகம் உள்ளே வழியும். தலைக்குமேல் போடும் 6 மணிப் பகுதியில் உருகிய உலோகம் தன் எடையால் கீழிறங்கி, உள்பக்கம் குழிந்துவிடும். அதைத் தவிர்க்க, தேர்ந்த வெல்டர் அங்கே கம்பியை இடைவெளி வழியாக உள்ளே விட்டு உள்பக்கமிருந்து ஊட்டுவார். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பழைய குழாய்த் துண்டுகளில் போட்டுப் போட்டுத்தான் கை வரும்.

ரூட்டுக்கு மேல் இன்னொரு டிக் அடுக்கு போட்டுவிட்டு, மீதியை ராடால் நிரப்புவது பொது வழக்கம். கார்பன் உருக்கில் அது 7018 ராடு. அதன் பூச்சில் ஹைட்ரஜன் குறைவு, ஆனால் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். பெட்டியிலிருந்து எடுத்ததை 300 பாகைக்கு மேல் அடுப்பில் சுட்டு, சூடான குடுவையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். அணைக்கட்டுப் பகுதியில் மழைக்காலக் காலை நேரக் காற்றின் ஈரம் போதும், திறந்து கிடந்த ராடைக் கெடுக்க. ஈர ராடால் போட்ட வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து, வேலை முடிந்து ஒரு நாள் கழித்துக்கூட விரிசல் வரும். ராடு அடுப்பு இருக்கிறதா, அதன் வெப்பமானி ஓடுகிறதா என்று பார்த்தாலே ஒரு வேலையிடத்தின் தரம் பாதி தெரிந்துவிடும்.

நாடு கடந்து போகும் எரிவாயு, எண்ணெய்க் குழாய்களில் நியாயம் வேறு. ஒரு நாளில் எத்தனை இணைப்பு என்பதே அங்கே கேள்வி. அதனால் செல்லுலோஸ் பூச்சு ராடு; மேலிருந்து கீழே வேகமாக இறங்கும் முறை. ஆர்க் ஆழமாகத் தோண்டும், ரூட்டும் அதிலேயே முடியும். ஆனால் ஹைட்ரஜன் அதிகம், எனவே மெல்லிய சுவருக்கும் வலிமை அதிகமில்லாத உருக்குக்கும்தான் அது பொருந்தும். வளைகுடாவில் குழாய்ப் பாதை வேலை பார்த்துவிட்டு வந்த வெல்டருக்கு இது கைவந்த கலையாக இருக்கும். அவரே நீராவிக் குழாயில் கீழிருந்து மேலே ஏறத் தடுமாறுவதும் உண்டு. இரண்டும் தனித்தனித் தேர்ச்சி.

பட்டறைக்குள் இருக்கும் பெரிய வசதி, குழாயைச் சுற்ற முடிவது. உருளைகள் மேல் குழாய் மெதுவாகத் திரும்ப, ஆர்க் உச்சியிலேயே நிற்கும். இந்த நிலையில் சப்மெர்ஜ்டு ஆர்க் முறை ராடைவிடப் பல மடங்கு வேகமாக உலோகத்தை நிரப்பும். பொடிக்கு அடியில் எரிவதால் கண் கூசாது, புகையும் குறைவு. ஆனால் பொடியும் உருகிய குட்டையும் வழிந்துவிடாதிருக்கக் குழாய் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். நின்ற குழாயில் இந்த முறை நடக்காது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு இணைப்பையும் பட்டறையிலேயே முடித்து, சாரத்தின் மேல் போடுவதைக் குறைப்பது என்ற கொள்கைக்கு அடிப்படை இதுவே. மிக், ஃபிளக்ஸ் கோர்டு முறைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. வேகம் உண்டு, ஆனால் காப்பு வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போகும் திறந்த வெளிக்கு ஏற்றவையல்ல. மிக் வெல்ட் மேலே அழகாகத் தெரிந்து, அடியில் ஒட்டாமலே இருந்துவிடும் அபாயமும் உண்டு. மருந்து ஆலை, பால் பதன நிலையம் ஆகியவற்றின் துருவேறாக் குழாய்களில் குழாயைச் சுற்றித் தானே ஓடும் ஆர்பிட்டல் டிக் வந்துவிட்டது. உள்பக்கம் மழமழப்பாக இல்லாவிட்டால் அங்கே கிருமி தங்கும் என்பதே காரணம்.

எல்லாக் குழாய்க்கும் வெல்டிங் தேவையில்லை. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்ற பெரிய குடிநீர்த் திட்டங்களில் உருக்குக் குழாயோடு, ரப்பர் வளையத்தில் தள்ளிச் செருகும் டக்டைல் அயர்ன் குழாயும் கலந்தே வரும். கறுப்பு எச்டிபிஇ குழாயின் முனைகளைச் சூடான தகட்டில் ஏறக்குறைய 210 பாகையில் இளக்கி அழுத்தினாலே போதும். ஆனால் பெரிய விட்டமும் அழுத்தமும் சேர்ந்தால் உருக்குக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2004இல் சென்னைக்கு நீர் கொண்டுவந்த புதிய வீராணம் திட்டம் உருக்குக் குழாயில் அமைந்தது. முந்தைய வீராணம் முயற்சிக்காகச் செய்த கான்கிரீட் குழாய்கள் சாலையோரம் பல்லாண்டு வீணே கிடந்ததை அந்த வழியாகப் போன ஒரு தலைமுறையே பார்த்திருக்கிறது.

உலோகம் வைக்கும் நிபந்தனை

கார்பன் உருக்கு பொறுமையானது; சிறு பிழைகளைத் தாங்கும். 2.25 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் உள்ள பி22 உருக்கை முன்கூட்டியே 150 பாகைக்கு மேல் சூடாக்கித்தான் ஆர்க் வைக்க வேண்டும். பி91 என்ற 9 விழுக்காடு குரோமிய உருக்கு வேறு வகை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1970களில் உருவான இது, அதே அழுத்தத்தையும் வெப்பத்தையும் பி22ஐவிட மெல்லிய சுவரில் தாங்கும். அதனால் புதிய பெரிய அலகுகளின் நீராவிக் குழாய்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. எடை மிச்சம், தாங்கிகளும் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்கு விலை வெல்டிங்கில் கொடுக்க வேண்டும்.

பி91 இணைப்பு ஒன்றின் பயணம் இப்படி. குழாய்க்குள் இரு பக்கமும் நீரில் கரையும் தாளால் அணை கட்டி, நடுவில் ஆர்கான் நிரப்பி ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரூட்டின் உள்பக்கம் கருகிச் சர்க்கரைக் கட்டி போலப் பொரியும். மின்சுருள் சுற்றி 200 பாகைக்கு மேல் சூடேற்றி, அந்தச் சூடு இறங்காமலும் 300ஐத் தாண்டாமலும் கடைசி அடுக்கு வரை காக்க வேண்டும். முடிந்ததும் உடனே வெப்பப் பதம் செய்யக் கூடாது. முதலில் 100 பாகைக்குக் கீழே இறங்கவிட வேண்டும். அப்போதுதான் உள்ளமைப்பு முழுவதும் மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பாக மாறும். பிறகுதான் 760 பாகை அளவில், தடிமனுக்கு ஏற்ற மணிக்கணக்கில் பதம். அந்த நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது என்பதால் ஜெனரேட்டர் தயாராக நிற்கும். வெப்பம் குறைந்தால் வெல்ட் கண்ணாடிபோல் நொறுங்கும், கூடினால் உருக்கு இளகி வலிமை இழக்கும். இரண்டையும் எக்ஸ்ரே படம் காட்டாது. கடினத்தன்மைச் சோதனையும் வெப்பப் பதிவுத் தாளும்தான் சாட்சி. நன்றாகச் செய்த பி91 இணைப்பிலும், பல்லாண்டு ஓடிய பின், வெல்டை ஒட்டிய மெல்லிய பட்டையில் விரிசல் தோன்றக்கூடும். நான்காம் வகை விரிசல் என்று பெயர் பெற்ற இது உலகெங்கும் மின் நிலையங்களின் கவலை.

துருவேறா உருக்கில் ஆபத்து எதிர்த்திசையில். அங்கே முன்சூடு கூடாது. 450 முதல் 850 பாகை வரையுள்ள வெப்ப வரம்பில் அதிக நேரம் தங்கினால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து, துருவைத் தடுக்கும் திறன் போய்விடும். ஆகவே கார்பன் குறைந்த வகை, குறைந்த சூடு, அடுக்குக்கு அடுக்கு ஆறவிடுதல். கல்பாக்கத்தில் திரவ சோடியம் ஓடும் 500 மெகாவாட் ஈனுலைக்கு 316எல்என் என்ற, நைட்ரஜன் சேர்த்த துருவேறா உருக்கைத் தேர்ந்தது இதையும் கருதித்தான். கார்பன் உருக்குத் தூசி படிந்த கிரைண்டர் சக்கரத்தைத் துருவேறாக் குழாயில் வைப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. சில வாரத்தில் குழாயின்மேல் செம்புள்ளிகள் தோன்றும்.

சோதனையும் சான்றும்

இந்தியாவில் நீராவிக் குழாய் வேலை கொதிகலன் சட்டத்துக்கும் 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகளுக்கும் உட்பட்டது. 1923இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. இந்த விதிகளின்படி தேர்வில் தேறிச் சான்று பெற்ற வெல்டர்தான் நீராவிக் குழாயைத் தொடலாம். சான்று காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் நெறிகளே அளவுகோல். 6ஜி என்பது அந்தத் தேர்வுகளில் மதிப்பு மிக்கது. குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து எல்லா நிலையிலும் போட வேண்டும். இதில் தேறியவர் மற்ற நிலைகளிலும் போடலாம் என்பது விதி. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து இளைஞர்களுக்கு சிங்கப்பூரின் ஜூராங்குக்கும் சவூதியின் ஜுபைலுக்கும் கதவு திறந்துவிடுவது இந்த 6ஜிதான்.

முடிந்த இணைப்பில் வெல்டரின் எண்ணைப் பொறிப்பார்கள். பிறகு இரிடியம்-192 கதிர் மூலத்தால் படம் எடுப்பது. ஆள் நடமாட்டம் குறைந்த இரவில், கயிறு கட்டி விளக்கு வைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி நடக்கும். குமிழி, கசடு, ஊடுருவாத ரூட் ஆகியவற்றைப் படம் நன்றாகக் காட்டும். பெவல் சுவரை ஒட்டிய மெல்லிய ஒட்டாமை சில கோணங்களில் படத்துக்குத் தப்பிவிடும். அதற்கு மீயொலிச் சோதனை. கடைசியில் தண்ணீர் நிரப்பி வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது. காற்றில் சோதிப்பதைவிட நீர் பாதுகாப்பானது. குழாய் உடைந்தாலும் நீர் வெடிப்பதில்லை. மேட்டூரின் முதல் நான்கு அலகுகள் போல 30 ஆண்டைத் தாண்டியவற்றில், குழாயின் மேற்பரப்பை மெருகேற்றி, உள்ளமைப்பைப் பிளாஸ்டிக் தாளில் படியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, மிச்ச ஆயுளைக் கணிப்பதும் இந்தச் சோதனைத் தொழிலின் பகுதி.

இந்த அமைப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. வெல்டருக்குச் சான்று, ராடுக்குச் சான்று, குழாய்க்கு ஆலைச் சான்று, படம் பார்ப்பவருக்கும் சான்று. இணைப்பின் இடைவெளியையும் நேர்ப்பொருத்தத்தையும் தீர்மானிக்கும் ஃபிட்டருக்கு ஐடிஐ படிப்பு தவிர வெல்டருக்கு இருப்பது போன்ற தனித் தேர்வு கொதிகலன் விதிமுறைகளில் இல்லை. ஃபிட்-அப் ஆய்வு பல இடங்களில் தாளில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. திருத்தம் வரும்போது வெல்டரின் எண்தான் பதிவேட்டில் ஏறும்.

உடல்நலமும் இதே அளவுக்குப் பின்தள்ளப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. துருவேறா உருக்கின் புகையில் உள்ள அறுவலுக் குரோமியம் இன்னும் கொடியது. கண்ணாடி முகமூடி எல்லோரிடமும் இருக்கிறது, புகை உறிஞ்சும் குழாய் வெகு சிலரிடமே. ஆர்கானுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றைவிடக் கனமானதால் பெரிய குழாயின் அடியில் தேங்கும். ஆர்கான் நிரப்பிய குழாய்க்குள், ஆக்சிஜன் அளவு பார்க்காமல், விழுந்த சுத்தியலை எடுக்கக்கூட யாரும் தலையை நுழைக்கக் கூடாது. உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறப்பது இத்தொழிலில் அறியப்பட்ட விபத்து.

புதிய சட்டத்தின் கீழ் விதிமுறைகள் திருத்தப்படும்போது, ஃபிட்-அப் அளவுகளை இணைப்புவாரியாக எழுதிவைப்பதையும், குழாய் ஃபிட்டருக்கு வெல்டருக்கு நிகரான தேர்வையும் சேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய பயிற்சிக் கூடமும் ஆசிரியர்களும் திருச்சியில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.